அத்தான் கட்டிய சிவப்பு நூல்

என் அத்தானுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். நூல்கண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நாற்பத்தோரு வருஷமாக நான் பார்க்கிற மனிதர் அவர். கோபம் என்றாலும் நூல், குழப்பம் என்றாலும் நூல், மனசு சரியில்லை என்றாலும் நூல்தான். அந்த வீட்டில் மிக்ஸி ஒயரில் நூல் இருக்கும், காஸ் குழாயில் நூல் இருக்கும், அக்காவின் மாத்திரை டப்பாவில் காலைக்கு ஒரு நிறம், ராத்திரிக்கு ஒரு நிறம் இருக்கும். நூல் கட்டாமல் விட்டுவைத்தது என்னை மட்டும்தான். நான் எதிர்த்துப் பேசுகிறவள், அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் வக்கீல்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வருஷம் ஒரே கம்பெனி. இந்த ஊரில் உயரமாக நிற்கிற கட்டடம் எதைக் காட்டினாலும் அதன் உச்சியில் இருக்கிற மோட்டார் அறைக்கு எத்தனை படி என்று சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சம்பவம் நடந்ததாம். கூட வேலை பார்த்தவர் ஒரு பேனலைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு ஒயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டார். நாலாவது மாடியில் கதவு திறந்தது, லிஃப்ட் வரவில்லை. உள்ளே கால் வைக்கப் போன அம்மாள் குடையை மறந்துவிட்டோமே என்று திரும்பியதால் பிழைத்தாள். அந்த அம்மாளின் முகத்தை அத்தான் இன்றைக்கும் விவரிப்பார். அன்றைக்கு வாங்கியதுதான் முதல் நூல்கண்டு. ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒயரில் ஒரு முடிச்சு, அது உட்காரும் துளைக்குப் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு முடிச்சு. திரும்ப மாட்டும்போது நிறம் பார்த்து மாட்டினால் தப்பே வராது. முப்பத்தாறு வருஷத்தில் அவர் கை வைத்த எந்த லிஃப்டிலும் வரவும் இல்லை.

"எடுத்த இடத்துல வைக்கிறவனுக்குத் தூக்கம் வரும்" என்பார். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்த எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் அக்காவைக் கேட்டிருக்கிறேன். "சாவி எங்கேன்னு ஒரு நாளும் தேடினதில்ல, போ" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போதும் இருக்கிறது, பேச்சுதான் போய்விட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் சோர்ந்துபோயின, நாக்கு வளையவில்லை. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, நினைப்பதெல்லாம் தெளிவாகத்தான் நினைக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அது ஆறுதலா தண்டனையா என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தால் வெறும் சத்தம் வரும். அவள் சொல்ல வருவது அவளுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இரண்டு மாதம் அந்த வீட்டில் எல்லோரும் பைத்தியம் பிடித்தவர்கள் போல இருந்தோம்.

இடது கையில் பேனா கொடுத்தோம், கோடு கோடாகப் போனது. போன் வாங்கிக் கொடுத்தோம். வழுவழுப்பான கண்ணாடியில் விரலுக்கு வழி தெரியாமல் ஒன்றைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. அவள் எரிச்சலில் போனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அப்போதுதான் அத்தானுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது.

அது பதினாலு வருஷத்துக்கு முன்னால் மகள் படிப்புக்காக வாங்கியது. மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியேறிய பிறகு மேல் தட்டில் துணி போர்த்திக் கிடந்தது. என் அக்கா முப்பது வருஷம் ஒரு கம்பெனியில் தட்டச்சராக இருந்தவள். பக்கத்து மேஜைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, பார்வை ஜன்னல் பக்கம் இருக்க, விரல் மட்டும் பக்கம் பக்கமாக அடித்துத் தள்ளும். அத்தான் கீபோர்டை அவள் மடியில் வைத்தார். அவள் இடது கை ஒரு நிமிஷம் சும்மா கிடந்தது, பிறகு மெதுவாக நகர்ந்து, எழுத்துகளைத் தடவி, எண்ணி, ஒவ்வொன்றாக அழுத்தியது. முதலில் வந்த வாக்கியம், 'தலையில் எண்ணெய் வைத்து எத்தனை நாள் ஆச்சு.' அத்தான் சமையலறைக்குள் போய்விட்டார். அழுகிறார் என்று தெரிந்ததால் நான் பின்னாலேயே போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே. மெதுவாக இயங்குகிறது என்று மெமரி கார்டை மாற்றினார். சத்தம் போடுகிறது என்று ஹார்டு டிஸ்க்கை மாற்றினார். சூடாகிறது என்று மின்விசிறியை மாற்றினார். கடைசியில் பழசு என்று மிஞ்சியது தகரப் பெட்டியும் உள்ளே இருந்த போர்டும்தான். கடைவீதியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற ஒருவர் சின்னதாக ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார். பெட்டியை உயிர்ப்பித்தால் ஒரு வெள்ளைப் பக்கம் தானாகத் திறக்கும், நேற்று எழுதியதன் கடைசியில் போய் நிற்கும், அடிக்க அடிக்கத் தானாகச் சேமித்துக்கொள்ளும். அக்கா வேறெதையும் தொட வேண்டியதில்லை.

அத்தான் சமைக்கும்போது அக்கா கூடத்தில் இருப்பாள். அடுப்படியிலிருந்து பார்த்தால் மானிட்டர் தெரியும், எழுத்துத் தெரியாது. அவர் கரண்டியும் கையுமாக ஓடி ஓடி வந்து படித்துவிட்டுப் போவார். அதனால்தான் டிவி அளவுக்கு ஒரு பெரிய மானிட்டர் வாங்கினார். அக்கா கூடத்தில் பேசுவாள், இவர் அடுப்படியில் நின்றபடி வாசித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். சண்டையும் அப்படித்தான். கோபம் வந்தால் அக்கா எழுத்தைப் பெரிதாக்குவாள். கீபோர்டில் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் போதும், எழுத்து வளர்ந்துகொண்டே போகும். ஒரு தடவை 'உப்பு' என்ற ஒரே சொல் திரை முழுக்க நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பெரிய மானிட்டரில் எழுத்து மங்கலாகவும் இழுபட்டும் தெரிந்தது. பழைய போர்டால் அவ்வளவு பெரிய படத்தைச் சரியாகக் காட்ட முடியவில்லை, ஒரு டிஸ்ப்ளே கார்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். அத்தான் கார்டை வாங்கிக்கொண்டு வந்தார். நானே போடுகிறேன், லிஃப்டையே பிரித்து மாட்டினவன் என்றார்.

இதற்கு நடுவில் இன்னொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவள் நான்தான். அக்காவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் ஒரு நாளைக்கு எட்டு தடவை அத்தான் தூக்குகிறார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்பதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஒரு நாள் இவரும் விழுந்தால் இரண்டு பேரையும் யார் பார்ப்பது? மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் தங்கமான பெண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறேன், ஆறு மாதம் இங்கே இருக்கட்டும் என்றாள். அவள் வீடு ஒரே படுக்கையறை, அப்பாவுக்கும் சேர்த்து இடமில்லை. அவர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. அக்காவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை கார்டு போடுகிற படலம் தொடங்கியது. நான் அங்கேதான் இருந்தேன். சிபியு பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்து, அதன் முதுகு அக்காவின் நாற்காலிப் பக்கம் பார்க்கும்படி திருப்பினார். பின்னால் செருகியிருந்த ஒவ்வொரு ஒயருக்கும் நூல் கட்டினார். கீபோர்டுக்குப் பச்சை, மின்சாரத்துக்குக் கறுப்பு, மானிட்டர் கேபிளுக்குச் சிவப்பு. துளைகளுக்குப் பக்கத்திலும் அதே நிறம். பிறகு மூடியைக் கழற்றி, கார்டை உள்ளே வைத்து அழுத்தினார். சொடக்கென்று ஒரு சத்தம். கார்டைப் பிடித்துக்கொள்கிற பிளாஸ்டிக் கொக்கி பழசாகி இற்றுப்போயிருந்தது, உடைந்துவிட்டது. கார்டு மட்டும் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. மூடியைப் போட்டார், நிறம் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினார், உயிர்ப்பித்தார்.

விசிறி ஓடியது. எப்போதும் ஆரம்பத்தில் வரும் சின்ன இசை வந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அன்று பூராவும் அணைத்து அணைத்துப் போட்டார், வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் மேஜைக்கு அந்தப்புறம் நின்று தன்னுடைய கேபிளைக் குத்தினார். படம் பளிச்சென்று வந்தது. அத்தான் இந்தப்புறம் நின்று படத்தை மட்டும் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு சார். வீட்டுல கேபிள சரியான இடத்துலதானே குத்துறீங்க?"

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. அததுக்கு உள்ள இடத்துலதான் அதது போகும்."

கடைக்காரர் மன்னிப்புக் கேட்காத குறைதான். கொக்கி உடைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இனிமே கார்டக் கழட்டாதீங்க சார், ஸ்லாட்டே கையோட வந்துடும்" என்று சொல்லி அனுப்பினார். பெட்டி வீட்டுக்கு வந்தது. நிறம் பார்த்து மாட்டினார். விசிறி, இசை, கறுப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். ஞாயிறு வண்டிக்கு டிக்கெட் எடுக்கணும், அம்மா என்ன சொல்றாங்க என்றாள். அக்கா நாற்காலியில் இருந்தாள். அத்தான் மேஜைக்கு அடியில் டார்ச்சோடு மல்லாந்து கிடந்தார், ஒரு கை இடுப்பில். நான் குனிந்து அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, பொண்ணு வீட்டுக்குப் போறியா? சரின்னா தலையாட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு அடியில் தெரிந்த இரண்டு கால்களைப் பார்த்தாள். அப்புறம் தலையாட்டினாள்.

"சரிங்கிறா அத்தான்" என்றேன்.

மேஜைக்கு அடியிலிருந்து, "நல்லது" என்று மட்டும் வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆமாம் என்று தலையாட்டலாம், இல்லை என்று ஆட்டலாம். 'ஆமாம், ஆனால்' என்று ஆட்டுவதற்குத் தலையில் வழியில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் துணிப்பெட்டியில் என்னென்ன எடுத்துவைப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அத்தானுக்கு ஒரே வெறி. போகிறவள் இந்தக் கம்ப்யூட்டரோடு போக வேண்டும், அங்கே அவள் ஊமையாக உட்கார்ந்திருக்கக் கூடாது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னார். புதிதாக ஒன்று வாங்கித் தொலையுங்களேன் என்றேன். புதுசில் அந்தப் பழைய கீபோர்டும், அவள் விரலுக்குப் பழகின அந்தப் பக்கமும் கிடைக்குமா, எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக அவளுக்குத் தெம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

புதன்கிழமை மானிட்டர்மேல் சந்தேகம் வந்து அதை மட்டும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே படம் வந்தது. மாடி வீட்டுக்குக் கொடுத்திருந்த பழைய சின்ன மானிட்டரைத் திரும்ப வாங்கி வந்து, பெட்டியில் அது முன்பு இருந்த துளையில் குத்தினார். அதுவும் கறுப்பு. வியாழக்கிழமை புதுக் கேபிள். அதற்கும் சிவப்பு நூல், அதே கறுப்பு. வெள்ளிக்கிழமை வீட்டு மின்சாரத்தையே சந்தேகப்பட்டார். டெஸ்டரை வைத்துக்கொண்டு சுவர் சுவராக நடந்தார். கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டார். கடையில் தான் ஒரே ஆள், திங்கட்கிழமைதான் வர முடியும் என்றார் அவர். திங்கட்கிழமை அக்கா இங்கே இருக்கமாட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் அக்கா செய்த காரியம்தான் என்னை உலுக்கியது. புதன்கிழமையிலிருந்து, கறுப்புத் திரைக்கு முன்னால் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். காலையில் பெட்டி உயிர்பெற்று இசை வந்ததும் ஆரம்பித்தால், அத்தான் அணைக்கும்வரை ஓயமாட்டாள். பழகின கை சும்மா இருக்க முடியவில்லை, பாவம் என்று நினைத்தோம். "தட்டட்டும் விடு, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார் அத்தான். எனக்குப் பார்க்கவே முடியவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தேன்.

நடுநடுவே அவள் இடது கையை நீட்டிக் கீழே காட்டுவாள். கீழே, கீழே என்று. அத்தான் ஓடிவந்து கால்மிதியை மாற்றிப் போடுவார். செருப்பைத் தேடுவார். ஏதாவது விழுந்துவிட்டதா என்று நாற்காலிக்கு அடியில் டார்ச் அடிப்பார். ஒரு தடவை நான் பூச்சியோ என்று பயந்து விளக்குமாற்றால் அடித்துப் பெருக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டாள். நாங்கள் அவள் களைத்துவிட்டாள் என்று நினைத்தோம். எங்கள் மடமையில்தான் களைத்திருக்கிறாள் என்பது இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை காலை. அத்தான் தோற்றுப்போன முகத்தோடு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் பெட்டியை மட்டும் போட்டுவிட்டிருந்தார், அக்கா தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் புடவைகளையும் நைட்டிகளையும் துணிப்பெட்டியில் அடுக்கி முடித்தேன். கம்ப்யூட்டரையும் மூட்டை கட்டி மேல் தட்டில் ஏற்றிவிட்டால் அத்தான் கண்ணிலாவது படாமல் இருக்கும் என்று தோன்றியது. பின்பக்கமாகப் போய் மானிட்டர் கேபிளை உருவிச் சுருட்டத் தொடங்கினேன்.

அக்கா மேஜையை அறைந்தாள். இடது உள்ளங்கையால், படார் படாரென்று. வாயிலிருந்து சத்தம் வந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"என்னாச்சு?" என்று அடுப்படியிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல. கேபிள எடுத்தேன், அதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்." எனக்கும் கோபம் வந்துவிட்டது. "சரிக்கா, சரி, திருப்பிக் குத்திடறேன், கத்தாதே!"

குனிந்து பார்க்கக்கூட இல்லை. நூலையும் கவனிக்கவில்லை, நிறத்தையும் கவனிக்கவில்லை. கையைப் பின்னால் விட்டுத் தடவி, முதலில் எந்தத் துளை கிடைத்ததோ அதில் அழுத்தினேன். உள்ளே போனது.

கூடத்தில் வெளிச்சம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். திரை வெள்ளையாக இருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தும் என் முகம் அகலத்துக்கு, இரண்டே சொற்கள்.

கீழ் ஓட்டை.

அடுப்படியில் கத்தி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. அத்தான் ஈரக்கையோடு வந்து நின்றார். திரையைப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார். மேலே சிவப்பு நூல் கட்டிய துளை காலியாக இருந்தது. கீழே, புதிதாகப் போட்ட கார்டில், அதே மாதிரி இன்னொரு துளை. அதில் கேபிள் இருந்தது. புதுக் கார்டு போட்டால் படம் கார்டு வழியாகத்தான் வரும், போர்டின் பழைய துளை தன் வேலையை நிறுத்திவிடும் என்று பிறகு கடைக்காரர் போனில் விளக்கினார். எடுத்த இடத்திலேயே வைத்ததுதான் தப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக அதுதான் தப்பாகப் போனது.

அவர் தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி எழுத்தைச் சிறிதாக்கினாள், சிறிதாக்கிக்கொண்டே போனாள். அப்போதுதான் தெரிந்தது, அது இரண்டு சொல் இல்லை. பக்கம் முழுக்க எழுத்து. மேலே தள்ளினாள். அங்கேயும் எழுத்து. ஒவ்வொரு நாளும் கிழமையை அடித்துவிட்டுத்தான் தொடங்கியிருந்தாள், புதன்கிழமைவரை போனது.

அவள் விரல் தட்டினது ஆறுதலுக்கு இல்லை. சத்தம் வருகிறது, அப்படியென்றால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாளைப் பார்க்காமல் முப்பது வருஷம் அடித்தவளுக்குத் திரை கறுப்பாக இருந்தால் என்ன? நாலு நாளும் பேசியிருக்கிறாள். நாங்கள் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு அவளைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறோம்.

அத்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"படம் வரல. பாட்டு வருது. அப்ப உள்ள வேலை செய்யுது. நீங்க கேபிள மேல் ஓட்டையில குத்துறீங்க. கீழ புதுசா ஒரு ஓட்டை வந்திருக்கு. நாற்காலியிலேருந்து எனக்குத் தெரியுது. அதுல குத்துங்க."

கொஞ்சம் இடம் விட்டு, "கீழ காட்டினா கால்மிதிய மாத்துறீங்க."

அப்புறம், "என் தங்கச்சி விளக்குமாறோட வர்றா. கடவுளே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தானுக்கும் வந்தது. அவர் அடுத்த வரியைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மீதியை அவர் தோளுக்கு மேலாக நானே படித்தேன்.

'பொண்ணு வீட்டுக்குப் போறியான்னு நேத்து தங்கச்சி கேட்டா. தலையாட்டினேன். நீங்க இடுப்பப் பிடிச்சுக்கிட்டு தரையில கிடந்தீங்க. ஆறு மாசமாவது நல்லாத் தூங்கட்டும்னு ஆட்டினேன். எனக்குப் போக மனசில்ல.'

வியாழக்கிழமையும் அது இருந்தது. 'போக மனசில்ல.' வெள்ளிக்கிழமை ஐந்து தடவை. ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு கையால் தேடித் தேடி அடித்தது. அதற்குக் கீழே, 'நீங்க நல்லதுன்னு சொல்லிட்டீங்க. வேண்டாம்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.'

'கீழ் ஓட்டை'க்குச் சற்று முன்னால், அன்று காலையில் அடித்தது. 'தங்கச்சி என் துணிய அடுக்குறா. அவளத் திட்டாதீங்க. நம்ம ரெண்டு பேரையும் பார்த்து அவ பயந்துபோய் இருக்கா.'

உண்மைதான். நான் ஒன்றரை வருஷமாகப் பயந்துதான் போயிருந்தேன். அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச முடியாதவளுக்கு அது தெரிந்திருக்கிறது, வாய் ஓயாத எனக்குத் தெரியவில்லை. நான் அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அத்தான் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீ போக ஆசப்படறேன்னு நெனச்சேன்மா. தலையாட்டினியே. நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னுதான் நல்லதுன்னேன்."

அவள் அவர் தலையைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக் கீபோர்டில் வைத்துத் தேடித் தேடி அடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

'இப்ப சொல்லுங்க.'

"போகாதே" என்றார் அத்தான். நாற்பத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் எதையாவது வேண்டிக் கேட்டதை நான் பார்த்ததில்லை. "போகாதம்மா. நீ இல்லாம இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

'சத்தமா. வக்கீல் காதுலயும் விழட்டும்.'

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அத்தான், தினமும் காலையில ஆறு மணிக்கு நான் வர்றேன். சாயங்காலமும் வர்றேன். தூக்குறத நான் பார்த்துக்கறேன். நீங்க இனிமே அவளத் தனியாத் தூக்கினீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"உனக்கு முட்டி வலியாச்சே."

"உங்க இடுப்பும் என் முட்டியும் சேர்ந்தா ஒரு ஆள் தேறும்."

அக்கா அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனேன். மகள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சித்தி, நைட்டு வண்டி ஏறப்போறேன். அம்மா பெட்டியெல்லாம் ரெடியா?"

"நீ வா கண்ணு. வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. அம்மா வரல."

"ஏன்? அம்மா சரின்னு தலையாட்டினதா நீங்கதான சொன்னீங்க?"

"ஆட்டினா. அது நிஜம்தான். மீதியையும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா, நாங்கதான் பார்க்கல."